பதினாலாம் இலக்கத் தூண்

பஞ்சிகாவத்தையில் ஃபர்ஸான்
இரண்டு பொனெட்டையும் திறந்து வைத்துவிட்டு
பிளேன்டீ குடிக்கிறான்.

எஸ்யூவி வெள்ளை. முகத்தில் ஒரு கோபம்,
தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பியது.
"உள்ளுக்கு அதே காரின் எஞ்சின்தான் அண்ணே.
குதி உயர்ந்த சப்பாத்துக்கு
இருபத்தெட்டு லட்சம் கூட."

செடான் சாம்பல். பதினாறு வயது.
கதவைச் சாத்தினால்
'டப்' என்று ஒரே சொல்லில் பேச்சை முடிக்கிறது.
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்,
ஃபர்ஸான் சத்தியம் பண்ணவில்லை,
அதனால் நம்பினேன்.

ஜெயரூபிக்கு உயரம் வேண்டும்.
காலி வீதியில் பஸ் டயரைப் பார்த்தபடியே
ஒன்பது வருஷம் வேலைக்குப் போய்வந்தவள்.
"ஒருக்கா அந்த டிரைவரின் முகத்தைப் பார்க்கோணும்."

விற்றால் என்ன வரும், ஷொக் அப்சோர்பர் என்ன விலை,
லீசிங் எத்தனை மாதம்:
எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.
முகத்துக்கு ஒரு நிரல் போட
மறந்துபோனேன்.

ஞாயிறு இரவு அளவு நாடாவோடு
அடித்தளத்துக்கு இறங்கினேன்.
வெள்ளவத்தை அடுக்குமாடி; எங்கள் இடம்
பதினாலாம் இலக்கத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே
ஆறே முக்கால் அடி.
எஸ்யூவி நுழையும்.
நுழைந்தபின் கதவு திறக்காது.

படியில் நின்று அவள் கேட்டாள்:
"டிக்கிக் கதவால் இறங்கினால் என்ன?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன்.
பிறகு இரண்டு பேரும்
அந்த வெறும் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
உண்மையாகவே யோசித்தோம்.