நூறோடு நின்ற முள்

திங்கட்கிழமை எழுதிய துண்டில்
சீமெந்து இருபது மூட்டை,
புளொக் கல் நானூறு, மணல் ஒரு கியூப்,
பத்து மில்லிக் கம்பி, கட்டுக்கம்பி, ஆணி.
வெள்ளிக்கிழமை நோர்வூட்டுக்கு இறங்கிப் போனால்
துண்டு அதேதான்.
விலைதான் வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது.
நிஸ்தார் நானா கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
“நான் கூட்டல தங்கச்சி, கொழும்பு கூட்டுது.”
இருபது மூட்டை பதினொன்றானது.
மூன்றைக் கொழும்பு தின்றது.
ஆறைத் தின்றது
புதன்கிழமை நான் வாங்கியது.
ஆணியை மட்டும் அவராகவே ஒரு கை கூடப் போட்டார்.

பங்களாவை ஹோட்டலாக்குகிறார்கள்.
பழசையெல்லாம் புல்தரையில் இறக்கி
விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
கட்டிலுக்கு ஆள் இருந்தது, கண்ணாடிக்கு ஆள் இருந்தது.
இரும்படுப்பை
பழைய இரும்புக்காரன் மட்டும் கிலோக் கணக்கில் கேட்டான்.
அவனைவிட ஐந்நூறு கூடச் சொன்னேன்.
பூபாலன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்
ஆறு மூட்டையும் அடுக்கியிருந்தது.

விமலசேனவின் லொறி
கல்லோடும் கம்பியோடும் அதையும் ஏற்றி வந்து
றோட்டு முடிகிற மடுவத்தில் நின்றுவிட்டது.
கொழுந்துத் தராசில் வைத்துப் பார்த்தோம்.
முள் நூறு வரைக்கும் ஓடிப்போய்
அங்கேயே நின்றுகொண்டது.
மிச்சத்தை அந்தோனிமுத்துவின் முதுகு சொல்லட்டும் என்றார்கள்.

இரண்டு சவுக்குக் கம்பு, நான்கு ஆள்.
கொடிக்கயிறு அறுந்து, பிறகு மாட்டுக்கயிறு.
சாமி தூக்கினால் பாட்டு வரும்.
இதைத் தூக்கினால் கெட்ட வார்த்தைதான் வந்தது,
மூன்றாவது வளைவுக்குப் பிறகு
அதுவும் வரவில்லை.
மழை இறங்க, பீலிக்கரையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு ராத்திரி அங்கே கிடந்தது.
ரொட்டி சுடுகிற குழிக்குள் ஒரு நாய் குட்டிகளோடு படுத்தது.
பெட்டகமா என்றார் ஒருவர்.
ஜெயசீலனின் மகள் மேலே ஏறி உட்கார்ந்து
வாய்ப்பாடு எழுதினாள்.
தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இறக்க
அது உசரம் சரியாக இருக்கிறது என்றார்கள்,
இங்கேயே விட்டுவிடேன் என்றார்கள்.

மூன்றாம் நாள் மேலே போய்ச் சேர்ந்ததும்
பாஸ் டேப்பை நீட்டினார்.
கதவுநிலை இரண்டரை அடி.
அடுப்பு இரண்டே முக்கால்.
டேப்பைத் திருப்பிப் பிடித்தும் அளந்தார்,
இரும்பு மனம் மாறவில்லை.
பிறகு மேற்கே பார்த்தார்.
சீமெந்து பற்றாமல் இடுப்போடு நின்றுபோன சுவர்
அந்த மூலையில் இன்னும் தொடங்கவேயில்லை.
“இப்பிடிக் கொண்டாங்க” என்றார்.
ஏழு பேர்ச்சஸில் முதலில் குடிபோனது அதுதான்,
நான் வாங்காத ஆறு மூட்டை வழியாக.
பூபாலனிடம் இதை நான் சொல்லவில்லை.
அவனே சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

நான்கு பேரும் பற்றவைத்தார்கள்.
புகை நான்கு பேரையும் வெளியே அனுப்பியது.
இடதுபக்கம், கீழே, ஒற்றை விரல் நுழைகிற ஒரு தாழ்.
அதை அரை அங்குலம் இழுத்து
முழங்காலால் ஒரு தட்டு.
வேறு எதனாலும் தட்டக்கூடாது.
பதினோரு வருஷம் விடிகாலை நாலரைக்கு
இதன் சாம்பலை அள்ளியவள் நான்.
இதில் வெந்த எதையும் உட்கார்ந்து தின்றதில்லை.
தட்டினேன்.
பெரிய மூச்சாக ஒன்றை இழுத்துக்கொண்டது.

மிலாறு படபடவென்று பிடித்தது.
கூரைத் தகரம் இன்னும் கடையில்தான் இருக்கிறது,
நானாவின் கடன் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே.
புகைக்குழாய் எதையும் துளைக்காமல்
நேரே பனிக்குள் போனது.
சட்டையைக் கழற்றிவிட்டு
அந்தோனிமுத்து முதுகை அடுப்புக்குக் காட்டி உட்கார்ந்திருந்தான்.
ரொம்ப நேரம் கழித்து
“நூத்தி எண்பது” என்றான்.
யாரும் மறுக்கவில்லை.

தேத்தண்ணி கொதித்துவிட்டது.
துண்டில்
சீனி எழுத மறந்திருக்கிறேன்.