சொத்துக் கணக்கில் ஐம்பத்து மூன்றாவது வரி

ராணிப்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
தோலுக்கு என்ன வரி என்று கேட்டிருக்கிறார்கள்.
சாயக் கழிவுக்கு அபராதம் எவ்வளவு என்று
ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை:
‘பாய்மரப் படகு, பழையது, இரண்டு.’

இம்தாதுல்லா முதலாளி போய் நாற்பது நாள்.
ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு.
எது யாருக்கு என்பதற்கு முன்னால்
எது எவ்வளவு என்று நான் எழுதியாக வேண்டும்.

உப்புத்தோல் கிடங்கில் நிற்கின்றன இரண்டும்.
கடல் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.
உப்புக்கு மட்டும் குறைவில்லை,
செருப்பில் நறநறவென்று.

டேப்பின் மறுமுனையை வாட்ச்மேன் தாண்டவராயன் பிடித்தான்.
பெரியது இருபத்தாறு அடி, சின்னது பதினாறு.
வித்தியாசம் பத்தடி என்று எழுதி
அதை அடித்தேன்.
பெரியதற்குள் அடுப்பு, அலமாரி, இரண்டு படுக்கை,
கதவு வைத்த கக்கூஸ்.
கொரோனாவில் பதினாலு நாள் இவன் அதில்தான் கிடந்தானாம்.
“வூட்டவிட வசதி சார்.”
சின்னதில் உட்காரத்தான் முடியும்,
அதுவும் காற்று சொல்கிற பக்கமாக.

விலை பார்க்கப் பழவேற்காட்டிலிருந்து எத்திராஜ் வந்தார்.
அணியம் என்றார், அமரம் என்றார்,
பருமல், ஆஞ்சான், ஏராக்கட்டை.
எல்லாம் தமிழ்தான்,
ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தேவைப்படாத தமிழ்.

பெரியதின் பாயை விரித்தோம். எலி கடித்திருந்தது.
சின்னதின் பாயிலும் எலிதான்,
ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் தைக்கப்பட்டிருந்தது
ஷூவின் மேல்தோல் தைக்கிற மெழுகு நூலால்.
அந்தத் தையல் எனக்குத் தெரியும்.
‘இதர வேலை, ஓவர்டைம், ரூபாய் நானூறு.’
கையெழுத்து என்னுடையது.

பாலாறு பாலத்தை இடித்துக்கொண்டு ஓடிய கார்த்திகையில்
‘டாட்டா ஏஸ், காவேரிப்பாக்கம் போக வர’ என்றொரு பில்.
தோல் போகிறது என்று நினைத்துப் பதிந்திருக்கிறேன்.
ஏரி கலங்கல் வழிந்த அன்று
முழங்கால் தண்ணீரில் தள்ளி ஏறியிருக்கிறார்,
அறுபத்தாறு வயதில், தனியாக.
கரையில் நின்ற டிரைவர் இப்போதுதான் சொல்கிறான்:
“திரும்பி வரத் தெரியலைன்னு நெனச்சேன் சார்.
அவருக்கு வர மனசில்ல, அவ்ளோதான்.”

பெரியது ஒன்பது வருஷத்தில் நனைந்ததே இல்லை.
பெயிண்ட், கிரேன், டிரெய்லர், மறுபடி பெயிண்ட்:
கூட்டினேன், பதினொன்றே கால் லட்சம்.
மிதக்க அதற்கு ஐந்தடி ஆழம் வேண்டும்.
அலமாரியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது,
காவேரிப்பாக்கம் ஏரியின் வரைபடம்.
ஐந்தடி இருக்கிற இடங்களில் பென்சில் வட்டம்,
மொத்தம் ஏழு.
ஒன்றை ஒன்று தொடவில்லை.

எத்திராஜ் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
“சின்னத நாளைக்கே தண்ணில விடலாம்.
பெருசுக்கு அடியில ஈயம் ஆயிரத்து இருநூறு கிலோ.
ஒடச்சா அதுதான் காசு.”
கவிழாமல் இருக்க வைத்த பாரம்.

ஃபர்ஹான் துபாயிலிருந்து கூப்பிட்டான்:
“பெரியது எனக்கு. போட்டோ தேவையில்ல.”
ராஹிலா கூப்பிட்டாள்:
“அங்கிள், அத்தா எதுல போனாங்க?”
சொன்னேன்.
அவள் ரொம்ப நேரம் பேசவில்லை,
போனையும் வைக்கவில்லை.

சாயங்காலம் கடைசியாக ஒருமுறை பெரியதில் ஏறினேன்.
கூரையில் ஒரு ஷீட் உடைந்து
சுக்கான் பக்கத்துக் குழியில் மழை தேங்கியிருந்தது.
வடிகாலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய துணி.
தண்ணீரில் தலைப்பிரட்டைகள்,
கமா கமாவாக, நூறாவது இருக்கும்.

“எறச்சிடட்டுமா சார்?” என்றான் தாண்டவராயன், வாளியோடு.

மதிப்பு என்ற கட்டத்தை அப்படியே விட்டு
பேனாவை மூடினேன்.

இரு. கால் முளைக்கட்டும்.