ஒற்றைக் கையுறை

மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளி வாசலில் நொமூன் வைத்த அட்டைப்பெட்டியில்
எழுதியிருந்தது இவ்வளவுதான்:
"ஜோடி தொலைந்ததா? மிச்சத்தைப் போடு."

முதல் வாரம் ஒன்றே ஒன்று.
அதுவும் அவளுடையது.
சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே.

பிறகு யாரோ ஒரு சிவப்பு,
யாரோ விரல் கிழிந்த ஒட்டகக் கம்பளி.
குத்துச்சண்டைக்காரன் தெமூலென்
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப்
பூப்போட்ட ஒன்று.

சனிக்கிழமை
உலான்பாதரின் மேட்டுக் கூடாரங்களுக்குப் போனோம்.
நிலக்கரிப் புகையில்
முன்னால் போகிறவள் முதுகே தெரியவில்லை.
தண்ணீர் வண்டி இழுத்து வந்த சிறுமி
பச்சையும் மஞ்சளும் மாட்டிக்கொண்டாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பார்த்தாலே தெரிந்துவிடுமே,
யாரோ கொடுத்தது என்று?"

நொமூனிடம் பதில் இல்லை.
இறங்கும் வழியெல்லாம் அவள் பேசவேயில்லை.

திங்கட்கிழமை
இடக்கை நீலம், வலக்கை கறுப்பாக வந்தாள்.
செவ்வாய், தெமூலென்.
வெள்ளிக்குள்
ஒன்பதாம் வகுப்பில் எவர் கையும்
தன் மறுகைக்குப் பொருந்தவில்லை.

இப்போது பேருந்து நிறுத்தத்தில்
கொடுத்த கை எது, வாங்கிய கை எது,
சொல்ல முடியாது.
என் சாம்பல் நிறத்தின் மறுபாதி
ஏழாம் எண் பஸ்ஸில் ஏறுகிறது.

நான் கூப்பிடவில்லை.