மிச்சக் காற்று

சூபுத் சமவெளியில் காற்றுக்கு ஞாயிறு கிடையாது.
எர்மிந்தா, பழைய லாரி ஆல்டர்னேட்டரைக்
கம்பத்தில் ஏற்றிய வாரம்,
பேட்டரி நிரம்பியதும் வயரைப் பிடுங்கினாள்.
தப்பு.
சுமை போன இறக்கை வெறிகொண்டு சுழன்று உடைந்தது;
ஒரு துண்டு
ஆட்டுக்கொட்டகைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது.

இப்போது வழியில் ஃபியூஸ் உண்டு.
பேட்டரி அறையின் ஜன்னலைச் சாத்துவதில்லை,
பனி பெய்தாலும்.
நஸாரியோ சிகரெட்டை அணைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.
முள் பதினான்கரையைத் தொட்டதும்
டக்கென்று ரிலே திரும்புகிறது.
போதும் என்று இலைமேல் கை மறித்த பிறகும்
பரிமாறிக்கொண்டே நிற்கும் காற்றை
வாளித் தண்ணீரில் கிடக்கும்
ஹீட்டர் சுருள் வாங்கிக்கொள்கிறது.

விடியலில் அந்தத் தண்ணீரில்தான் மாத்தே.
ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு அவன் கேட்டான்:
"கூரை எப்போது?"
அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.