சேதாரம் போக

சேலம் கடைவீதியில்
இருபத்தாறு வருடமாக நகைக்குப் பில் போடுகிறேன்.
தங்கம் மஞ்சள் என்பதில்
ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

டாக்டர் ரெபேக்கா ஊசிக்குழலை
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்:
"இதுதான் உங்க தங்கம், மாதேஸ்வரன் சார்."
பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம்.
சிவந்தால் செம்பு தூக்கல் என்று அர்த்தம் எங்கள் தொழிலில்.
கேட்டேவிட்டேன்.
கலப்பில்லையாம்.
அவ்வளவு பொடியானால்
தங்கமே தன் நிறத்தை மறந்துவிடுமாம்.

வலது கன்னத்துக்குள், கட்டியில் மட்டும்,
நாலு இடத்தில் குத்தினார்கள்.
வீட்டுத் தங்கம் அத்தனையும் கூட்டுறவு வங்கியில் இருக்க
என் வாய்க்குள் கொஞ்சம் குடிவந்தது.

"கதிர் பாதிக்குமேல் சதையைச் சும்மா கடந்து போயிடும் சார்.
தங்கத்துல பட்டா முட்டும். எலக்ட்ரான் தெறிக்கும்.
தெறிச்சது தூரம் ஓடாது,
பக்கத்துச் செல்லோட அதோட கதை முடிஞ்சுது."
செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடையில்
கட்டர் ஓடும்போது தெறிக்குமே, அப்படியா?
"அப்படித்தான். சத்தம் மட்டும் வராது."
அப்போ கதிரைக் குறைச்சுக்கலாமா?
"குறைக்கலை. அதே கதிர்தான்.
கட்டிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா உறைக்கும்.
உறைக்கும்னு எதிர்பார்க்கிறோம்."

எதிர்பார்க்கிறோம்.
நான் கையெழுத்துப் போட்ட தாளிலும்
அந்தச் சொல் மூன்று இடத்தில் இருந்தது.

முகத்துக்கு ஒரு வலைக் கவசம்,
வெந்நீரில் இளக்கி என்மேல் அழுத்திச் செய்தது.
மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு
எல்லோரும் வெளியே போவார்கள்.
கதவு கனமாக மூடும்.
அசையக் கூடாது.
மனசுக்குள் ஏற்காடு பஸ் ஏறிவிடுவேன்,
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினான்கில் வந்து பூட்டைக் கழற்றுவார்கள்.
ஒருநாள்கூட மேலே போய்ச் சேர்ந்ததில்லை.

மதியம் கடை. கன்னத்தில் வலைத்தடம்.
ஆத்தூர்க் கல்யாண வீட்டு அம்மாள்
சேதாரம் பன்னிரண்டு சதவீதமா என்று
சண்டைக்கு நிற்கிறார்.
உருக்கும்போது, வெட்டும்போது, மெருகு ஏற்றும்போது
போவதுதான் அம்மா,
போகாமல் நகை ஏது...
சொல்லும்போதே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறேன்.

என் கணக்கில் இதுவரை
எச்சில் போயிருக்கிறது.
வலப்பக்கத் தாடி.
மல்கோவாவும் குண்டும் ஒரே ருசி, சாக்பீஸ்.
சேலத்துக்காரன் இதை வெளியே சொல்ல முடியாது.
கட்டி போனதா என்பது
அடுத்த மாதம் ஸ்கேனில்.

கடை அடைக்கும் நேரம் தராசைத் துடைக்கிறேன்.
மூன்று தசமம் காட்டும் தராசு.
எனக்குள் போனது இதில் எவ்வளவு காட்டியிருக்கும்
என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.
கண்ணாடியைத் திறந்து
குனிந்து பார்க்கிறேன்.
சைபர், சைபர், சைபர்.

மூச்சு பட்டுக்
கடைசி எண் அசைகிறது.