ஐந்தாவது கட்டம்

ஏணியைத் தோளில் சுமந்து வருபவனை
எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.
என் பிழைப்பே இந்த ஒரு வரியில் ஓடுகிறது.

பிப்ரவரி. தவுகாவா ஆறு
பாதி உறைந்து, பாதி முனகிக்கொண்டு.
மஞ்சள் மேலங்கி, அலுமினிய ஏணி,
யாரும் கொடுக்காத வேலைக்கு ஓர் உத்தரவுத் தாள்.

காலையில் ஆவணக் காப்பகம்.
வாயிற்காவலர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்,
வழுக்கும், பார்த்து என்றார்.
நிகழும் வாய்ப்பு: நான்கு. விளைவு: இரண்டு.
பழைய நிலப் பத்திரங்களை யார் வந்து கொளுத்தப் போகிறார்கள்?
எங்கள் பண்ணை கைமாறிய ஆண்டு நினைவுக்கு வர
இரண்டை அடித்து மூன்று போட்டேன்.

மதியம் மழலையர் பள்ளி.
இடுப்பளவு வேலி. கேமரா நான்கு,
அதில் மூன்று வெறும் பிளாஸ்டிக் கூடு.
விளைவு: ஐந்து.
ஐந்துக்கு மேல் இந்தத் தாளில் எண் இல்லை.
சூடாக்கியின் அடியில் ஈரம் சொட்ட
முப்பத்தொரு ஜோடி குட்டி பூட்ஸ்.
ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

இரவு பதினொன்று, நீரேற்று நிலையம்.
இரண்டு கதவு, ஒரு சுழல்தடுப்பு, அட்டை கேட்கும் பெட்டி;
எல்லாம் ஏணிக்கு வழிவிட்டன.
குளோரின் அறை வாசலில்
ஒரு துடைப்பக் கட்டை குறுக்கே வந்தது.

"தரை காயவில்லை" என்றாள், ரஷ்ய மொழியில்.
பிறகு என் காலைப் பார்த்தாள்.
"குழாய்க்காரன் பூட்ஸ் இவ்வளவு சுத்தமா இருக்காதே.
யார் நீ?"
தாளை நீட்டினேன். வாங்கவில்லை.
வாளியைக் காலால் தள்ளி வழியில் நிறுத்திவிட்டு
சுவர் போனை எடுத்தாள்.

ஜோயா பிலிப்போவ்னா லுக்கஷேவிச்.
ஒப்பந்த நிறுவனம் வழியாக, மணிக்கணக்குக் கூலி.
குடியுரிமை: இல்லை.
அட்டை? அவளுக்குத் தரவேயில்லை.
உள்ளே விடச் சொல்லி
ஒவ்வோர் இரவும் மணியடிக்கிறாள்.

விடிகாலை மூன்றுக்கு அறிக்கை.
ஐந்தாவது கட்டம்: உள்ளிருந்து வரும் ஆபத்து.
வேலியே பயிரை மேயுமா என்று கேட்கிற கட்டம்.
ஒப்பந்தக்காரர், குடியுரிமை அற்றவர்,
குறைந்த கூலி, இரவுப் பணி:
ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்கிறது கையேடு.
கூட்டினேன். நான்கு.
சிவப்பு.

தடுப்புகள் என்ற பக்கத்தில் பெயர் எழுத இடமில்லை.
இரும்பு, கண்ணாடி, கம்பி என்று
முன்பே அச்சிட்ட சதுரங்கள்.
"பிற" என்பதில் டிக் போட்டு
துடைப்பக் கட்டை, ஒன்று என்று எழுதினேன்.
அலுவலகம் திருப்பி அனுப்பும், தெரியும்.

ஐந்தாவது கட்டம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.
அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை;
ஏணி மட்டும்தான் தந்திருக்கிறார்கள்.