தளை தட்டும் இடம்

போஸ்னான் தட்டையான ஊர்.
டிராம் வண்டிக்கு ஏற்றம் என்று சொல்ல
வார்தா ஆற்றுப் பாலம்தான்.
கொண்டை ஊசி வளைவெல்லாம்
டோப்ராவாவின் சோதனைக் குழாய்க்குள்:
ஒற்றை இழை, தன்மேலேயே மடங்கி,
போன வழியே திரும்பி வந்து
எழுத்துக்கு எழுத்து கைகோத்து நிற்கும்
ஆர்.என்.ஏ.

அதை நறுக்க ஒரு கத்தரி உண்டு, புரதத்தால் ஆனது.
எழுத்தறிவு அதற்கு அதிகம் கிடையாது.
தண்டின் அடியில் இழைகள் பிரியும் இடத்தைத்
தொட்டுப் பார்க்கும்.
அங்கிருந்து பதினோரு படி
தடவித் தடவி ஏறும்.
வெட்டும்.
இன்னொரு கத்தரி பின்னால் வந்து வளைவைக் கொய்யும்.
மிஞ்சுவது இருபத்திரண்டு எழுத்து.
எந்தச் செய்தி புரதமாகலாம்
எது வாய்மூட வேண்டும் என்பதை
அந்தத் துணுக்கு
தன் தலைப்பக்கத்து ஏழெட்டு எழுத்தை வைத்தே
தீர்த்துவிடும்.

மாதிரி எண் நாற்பத்தொன்று. கோஷ்சியானிலிருந்து.
வயது பதினொன்று.
படிவத்தில் ஒரு வரி:
முதலில் மேல்ஸ்தாயி போயிற்று.
யார் எழுதியதோ,
மருத்துவர் கையெழுத்து இல்லை.

ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ.
எதிரே சி, நீட்டிய கையோடு,
பிடிக்க ஆளில்லாமல்.
தண்டில் சின்னப் புடைப்பு.
வெண்பாவானால் தளை தட்டுகிறது என்போம்,
காது காட்டிக்கொடுத்துவிடும்.
கத்தரிக்குக் காதில்லை. அது கால் இடறி
ஓரெழுத்து தள்ளி வெட்டுகிறது.

"ஓரெழுத்துதானே" என்றான் செவெரின்,
பீட்ரூட் சூப்பை ஊதிக்கொண்டே.
அவனுக்கே தெரியும்:
ஓரெழுத்து தள்ளினால்
முதல் ஏழும் வேறு ஏழு.
அடங்கவேண்டியவை பேசும்,
பேசவேண்டியவை அடங்கும்,
உட்செவியில் மயிர்ச்செல்கள்
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும்.
இன்னொரு பிரதி சரியாகத்தான் இருக்கிறது.
போதவில்லை.

டோப்ராவா தப்பைத் திருத்தவில்லை.
எதிரே இன்னொரு தப்பு செய்தாள்:
சி-யை எடுத்துவிட்டு யூ.
ஏ-வும் யூ-வும்,
நகரமன்றக் கோபுரத்தில் நண்பகலில் வெளிவரும்
தகர ஆடுகள் இரண்டு போல,
தலையோடு தலை பொருந்தி நின்றன.

இரவு ஜெல் ஓட்டினாள்.
சரியான பிரதி ஒரு தடத்தில்,
பையனுடையது அடுத்ததில், ஒரு மயிரிழை கீழே,
மூன்றாவதில் இரட்டைத் தப்பு.
படம் திரையில் வரி வரியாய் இறங்க இறங்க
அவள் நகத்தைக் கடித்தாள்.

மூன்றாவது மேலே ஏறி
முதலாவதன் மட்டத்தில் நின்றது.

எழுத்து இரண்டும் மாறிப்போய்
உருவம் மட்டும் மாறாமல்
கத்தரி வந்து, தடவி, பதினொன்று ஏறி,
தன் பழைய இடத்தில் வெட்டியிருந்தது.

அப்போது பார்த்து உறைபெட்டி அலறியது.
யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை.
மெல்லிய, ஊசி போன்ற, மேல்ஸ்தாயி அலறல்.
எழுந்து போய் நிறுத்தலாம்.
அவள் கொஞ்ச நேரம்
அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் மருத்துவருக்கு எழுதினாள்:
காரணம் உருவத்தில்.
குழாயில் மீட்க முடிந்தது.
'குழாயில்' என்பதன் கீழ்க் கோடிட்டாள்.
பையனுக்கு என்று தொடங்கிய வரியை
மூன்று முறை அழித்தாள்,
நாலாவது முறை தொடங்கவில்லை.

நண்பகல் சதுக்கத்தில் ரொட்டி வாங்க நின்றபோது
மேலே ஆடுகள் முட்டத் தொடங்கின.
பள்ளிப் பிள்ளைகள் கத்தி எண்ணினார்கள்.
அவளும் உதட்டுக்குள் எண்ணினாள், பதினொன்றுவரை.
பன்னிரண்டாவதை
குறுக்கே வந்த குப்பை லாரி மறைத்துவிட்டது.